பெரியப்பாவுக்குப் பதினாறு நாள்

சித்தி மகள் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா வழிச் சொந்தம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் சாவுத் தீட்டு ஒரு தலைமுழுக்கோடு முடிந்திருக்கும். ஆனால் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் ஆபீஸில் நின்றுகொண்டே படிவத்தை நிரப்பியபோது எனக்கு அவசரம். எனக்கு எப்போதுமே அவசரம்தான். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி முழங்காலைப் பெயர்த்துக்கொள்கிற ஆள் நான். உடன் வசிக்கும் உறவினர் என்ற கட்டத்தில் பெரியப்பா மகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா வழி என்றால் கொஞ்சம் கனமாக இருக்கும், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று நினைப்பு.

அவள் என் பெரியப்பா மகள் இல்லை. எந்த வழியிலும் எனக்குச் சொந்தமில்லை. நான் மதுரை, அவள் திருநெல்வேலிப் பக்கம். எழுபதுகளின் நடுவில் டெல்லிக்கு வேலைக்கு வந்து, பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் ஒரே அறையில் விழுந்தோம். நான் மத்திய அரசில் ஸ்டெனோ. அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. முதல் குளிர்காலத்தில் இரண்டு ரஜாய்ப் போர்வைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தோம், குளிருக்காக என்று சொல்லிக்கொண்டோம். ஏப்ரலில் குளிர் போய்விட்டது. நாங்கள் பிரிந்து படுக்கவில்லை. அவளை நான் காதலித்தேன். அவளும்தான். அதற்கு அன்று எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை, யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

மோதி பாகில் எனக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. இரண்டாவது மாடி, எதிரும் புதிருமாக இரண்டு வீடு, பின்னால் ஒரு சின்ன பால்கனி. ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. அரசாங்க வீட்டில் சொந்தக்காரர்கள்தான் இருக்கலாம். வெளியாளை வைத்திருந்தால் உள்வாடகை என்று எழுதி ஒதுக்கீட்டையே ரத்து செய்துவிடுவார்கள், மறுபடி வீடு கிடைக்காது. திடீரென்று காலையில் வந்து சோதனை போடுவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வீடு போனால் நான் ஒரு ஹாஸ்டல், அவள் ஒரு ஹாஸ்டல். ஒரே ஹாஸ்டலில் ஒரே அறை இரண்டாம் முறை விழுமா? அதனால்தான் பெரியப்பா மகள். ரேஷன் கார்டிலும் அதே.

அன்றிலிருந்து கதவு தட்டும் சத்தம் எனக்கு ஆகாது. பால்காரன் தட்டினாலும் சோதனையோ என்றுதான் நினைப்பேன். அவளை நாலு பேர் முன்னால் 'அக்கா' என்று கூப்பிட வேண்டியிருந்தது. சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். அவள் வேண்டுமென்றே "என்ன தங்கச்சி?" என்று திரும்புவாள்.

எதிர் வீட்டில் இருந்தது வேலூர்க்காரக் குடும்பம். கணவர் ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வாயும் கையும் சும்மா இருக்காது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னவளிடம்தான் படித்தார்கள். வீட்டில் இந்தியில் சண்டை போட்டுக்கொள்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வரி எழுத வைத்தவள் என்று டீச்சர் மேல் அவளுக்குத் தனி மரியாதை. வந்த புதிதிலேயே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"என்னம்மா, டீச்சர் ஒரு தமிழ் பேசுறாங்க, நீ ஒரு தமிழ் பேசுற. அக்கா தங்கச்சின்றீங்க?"

"எங்கப்பா பொழைப்புக்கு மதுரை வந்துட்டாருக்கா. நான் பிறந்ததே அங்கதான்" என்றேன். என் அப்பா மதுரையைத் தாண்டி எங்கேயும் பிறந்ததோ பிழைத்ததோ இல்லை.

"அச்சா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான்தான் அன்றைக்கு முழுவதும் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் குளிர்காலத்தில் அவளுடைய அப்பா வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக ஒரு வாரம். நாங்கள் கட்டில்களைப் பிரித்து ஆளுக்கு ஒரு சுவரோரமாகப் போட்டோம். ஊரில் எல்லாருக்கும் நான் 'கூட வேலை பார்க்கும் சிநேகிதி'. இங்கே எல்லாருக்கும் அவளுடைய 'சித்தப்பா மகள்'. இரண்டு பொய்யும் ஒரே மனிதருக்கு முன்னால் மோதிக்கொள்ளுமே என்று எனக்கு உள்ளூர உதறல். அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க அவளுக்கும் வாய் வரவில்லை.

மோதினது மூன்றாம் நாள். ஜனவரி வெயிலுக்கு எல்லோரும் கீழே புல்வெளியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அக்கா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே என்னைக் காட்டிக் கேட்டாள்.

"ஏங்க, இது உங்க கூடப்பிறந்த தம்பி பொண்ணா, இல்ல ஒண்ணுவிட்ட தம்பியா?"

அக்காவின் பக்கத்தில் என்னவள் கம்பளி உருண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் ஒரு கடலையை உரித்து, தோலை ஊதி, வாயில் போட்டு மென்றார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"கூடப்பிறந்த தம்பிதான்" என்றார். "என் தம்பி மவ."

அவ்வளவுதான். மேலே வந்த பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. மதியம் சாப்பிடும்போது, "ஏ பிள்ள, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்று தட்டை மகளிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார். ஊருக்குக் கிளம்பும்போது என் முழுப் பெயரைக் கேட்டு, முகவரியோடு ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அதற்கடுத்த அக்டோபரில், நவராத்திரி தொடங்குவதற்கு முதல் நாள், தந்தி வந்தது. அப்பா காலமானார், உடனே புறப்படு. தசரா விடுமுறை விட்டிருந்ததால் அவள் வீட்டில்தான் இருந்தாள். தந்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அழவில்லை. ரயில் மெட்ராஸ் போகவே இரண்டு நாள், அதற்குமேல் திருநெல்வேலி. முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"எந்த உறவுல வருவே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "அங்க எல்லாருக்கும் எங்க சித்தப்பா மக்க யாரு யாருன்னு தெரியும்லா."

ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் முன்பு ஜன்னல் வழியாகச் சொன்னாள். "எதிர்த்த வீட்ல ஒண்ணுஞ் சொல்லாத. சாவுக்குத் துட்டி கேக்க வருவாவ. உன்கிட்ட அப்பாவப் பத்திக் கேப்பாவ. நீ என்னத்தச் சொல்லுவ? நான் வந்து பாத்துக்கிடுதேன்." என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். டீச்சர் எங்கே என்று எதிர் வீட்டில் கேட்டபோது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் ஒரே கடிதத்தை மூன்று முறை தப்பாக டைப் செய்தேன். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்தால் ராம்லீலா மைக் கத்தல், துணி உலர்த்தும் கொடியில் அவளுடைய ஒரு புடவை. அதை எடுத்து மடிக்கவும் மனசு வரவில்லை. ஒரு கடிதம் இல்லை. கல்யாணமாகாத மகள், முப்பது தாண்டிவிட்டது, அப்பாவும் போய்விட்டார். இனி எதற்கு டெல்லி, இங்கேயே இரு என்று அண்ணன் சொல்லியிருப்பான். அவளும் சரி என்றிருப்பாளோ? இதை நினைத்து நினைத்து, நவராத்திரி ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டில் தனியாக உட்கார முடியாமல், எதிர் வீட்டில் கொலுவுக்குக் கூப்பிட்டவுடன் போய்விட்டேன்.

போய்ப் பட்டுப்புடவையில் உட்கார்ந்தேன். கேட்டார்கள் என்று ஒரு பாட்டும் பாடினேன். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன். குங்குமம் இட்டு, பூ வைத்து, வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினாள் அந்த அக்கா. தீட்டு என்று ஒன்று இருப்பதே என் மண்டையில் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? என் வீட்டில் யார் செத்தார்கள்?

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ஆபீஸிலிருந்து வந்து படியேறியபோது எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கார்டு. நான் இல்லாதபோது வரும் தபாலை டாக்கியா அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மூலையில் கறுப்பு மை தடவிய கருமாதிக் கார்டு அது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்து, இறந்த தேதியோடு அச்சடித்திருந்தார்கள். மேலே என் பெயருக்கு முகவரி எழுதியிருந்தது.

"படிச்சிட்டேன்" என்றாள். "மூடாத கார்டு, கையில வந்துச்சு, படிச்சிட்டேன். உன் பெரியப்பா செத்து ஆறாம் நாளு, எங்க வீட்டுக் கொலு முன்னால உட்கார்ந்து பாட்டுப் பாடி சுண்டல் தின்னிருக்க. நல்ல நாளும் அதுவுமா என் கையால பூ வச்சி அனுப்பியிருக்கேன். மண்ணு பொம்மை, கழுவவும் முடியாது, நடுவுல கலைக்கவும் முடியாது. நான் இப்ப என்ன பண்ணட்டும், சொல்லு."

'அவர் என் பெரியப்பாவே இல்லை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் தீட்டுப் பழி போய்விடும். அடுத்த நிமிஷம், அப்போ டீச்சர் யார் என்பாள். சோதனைக்காரர்கள் வந்தால் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். வார்த்தையை விழுங்கினேன்.

"மறந்துட்டேன்கா" என்றேன்.

"மறந்துட்டியா? பெரியப்பா செத்ததையா?" அவள் குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அந்த மனுஷன் கீழ புல்லுல உட்கார்ந்து, என் தம்பி மவன்னு வாயாரச் சொன்னாரு. என் காதால கேட்டேன். அவருக்குப் பதினாறு நாள் இருக்க முடியலையா உன்னால?"

கார்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன். முதலில் பயம்தான். பிறகு அவருடைய கை ஞாபகம் வந்தது. கடலைத் தோலை ஊதிய வாய், நீட்டிய தட்டு. அந்த மனிதர் வாழ்நாளில் எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னார். இல்லை, பொய் என்று தெரிந்து சொன்னாரோ, அப்படித்தான் என்று முடிவு செய்து சொன்னாரோ. அவர் சொல்லி வைத்த உறவில் நான் ஒன்பது மாதமாக இந்த வீட்டில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறேன். அவர் செத்ததற்குப் பூ வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். பெற்ற அப்பா மதுரையில் குத்துக்கல்லாக இருக்கையில், யாருடைய அப்பாவுக்காகவோ அப்படி அழுவேன் என்று நானே நினைக்கவில்லை.

மீதி நாட்கள் தீட்டு காத்தேன். விளக்கேற்றவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை, வடை பாயசம் வாசனை வந்த பக்கம் தலைகாட்டவில்லை. எதிர் வீட்டு அக்காவுக்குக் காட்டத்தான் ஆரம்பித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. அவளுக்காக மட்டும் என்றால் பூட்டிய கதவுக்குள் எனக்கு என்ன வேலை? சாமி படங்களைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பால்காரன் தட்டு இல்லை அது. திறந்தேன். இரண்டு பேர், ஒருவன் கையில் ரிஜிஸ்டர். சோதனை.

உடன் வசிப்பவர் எங்கே என்று இந்தியில் கேட்டான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். என்ன உறவு? கஸின். எப்படி கஸின்? என்ன ஆதாரம்? எத்தனை மாதமாக உள்வாடகைக்கு வைத்திருக்கிறாய் என்றான் மற்றவன், ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட குரலில். நின்ற இடத்திலிருந்து உள்ளறை தெரிந்தது. சேர்த்துப் போட்ட இரண்டு கட்டில், மேலே ஒரே போர்வை. அவள் போனபின் பிரித்துப் போடத் தோன்றாமல் அப்படியே படுத்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணும் அங்கேதான் போனது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்று காலை எடுத்து நிலைப்படிக்குள் வைத்தான்.

எதிர்க் கதவு திறந்தது. ஐந்து நாளாக என்னோடு பேசாதவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உள்ள போகாதீங்க பாயி சாப்" என்றாள் இந்தியில். "அந்த வீட்ல சூதக். இவளோட தாவூஜி செத்துப்போயிட்டார், இன்னும் பதினாறு முடியல. பாருங்க, விளக்கில்ல, தலையில எண்ணெயில்ல. பெரிய பொண்ணு காரியத்துக்கு ஊருக்குப் போயிருக்கு, சின்னது இங்க தீட்டு காக்குது. பெரியப்பாவுக்கு இல்லாம வெளியாளுக்கா ஒருத்தி இப்படி உட்கார்ந்திருப்பா?"

சூதக் என்றதும் அவன் கால் தானாக வெளியே வந்துவிட்டது. சாவுத் தீட்டு அவர்களுக்கும் தீட்டுதான். கருமாதிக் கார்டை எடுத்துக் காட்டினேன். தமிழ் எழுத்து புரியாவிட்டாலும் கறுப்பு மூலை புரிந்தது. தள்ளி நின்றே ரிஜிஸ்டரில் ஏதோ எழுதி, அக்காவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படியிறங்கினார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சொல்லாத" என்றாள் சட்டென்று. "எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். சாவுக்குத் தீட்டு காத்தா பங்காளி. என் மாமனார் செத்ததுக்கு அவரு சொந்தத் தம்பியே காக்கல. ஜல்தி போய்க் குளி, ஆபீசுக்கு நேரமாச்சு." பிறகு என் தோளைத் தாண்டி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி அந்த உள்ளறையைச் சாத்தக் கத்துக்கோ."

பதினாறாம் நாள் விடியலில் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினேன். விளக்கை மட்டும் ஏற்றவில்லை. அவள் வந்து ஏற்றட்டும் என்று விட்டுவைத்தேன். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொண்டேதான் விட்டுவைத்தேன்.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்துவிட்டாள். முன்னறிவிப்பு இல்லை, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து, அழுக்குப் புடவையோடு. பெட்டியை வைத்தவுடன் கேட்டது, "ஏன் விளக்கு இப்படி எண்ணெயில்லாமக் கெடக்கு?" என்று. சொன்னேன். கொலுவையும் கார்டையும் சொன்னேன், பெரியப்பாவுக்குத் தீட்டு காத்தேன் என்று சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்போதுதான், தந்தி வந்ததிலிருந்து என் முன்னால் முதல்முறையாக, அழுதாள்.

அழுது முடித்துக் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அப்பாவின் முகவரி நோட்டிலிருந்து கிழித்தது. கார்டு அனுப்ப அண்ணன் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முகவரிகளை எழுதினானாம். சம்பந்திகளுக்கு ஒரு பக்கம், சிநேகிதர்களுக்கு ஒரு பக்கம், பங்காளிகளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார். இது பங்காளிகளின் பக்கம். மசியில் எழுதிய ஏழெட்டு முகவரிகளுக்குக் கீழே, பென்சிலில், நடுங்கிய எழுத்தில் என் பெயரும் மோதி பாக் முகவரியும் இருந்தது.

"அண்ணன் கேட்டான், 'உன் சிநேகிதி நம்ம பங்காளியில எப்படிட்டி வந்தா, எனக்குத் தெரியாம?'ன்னு" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"அப்பா எழுதியிருக்காவ, அப்பாவுக்குத் தெரியாதான்னேன். மேக்கொண்டு பேசல. காரியம் முடிஞ்ச மறுநா ரயிலேறிட்டேன்."

அவள் எழுந்து போய் விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். நான் டின் டப்பாவிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, அந்தத் தாளை அதற்குள் மடித்து வைத்தேன். அதை எந்த அதிகாரியும் ஆதாரமாக ஒத்துக்கொள்ள மாட்டான், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். காலையில் கதவு தட்டினால் அப்போதும் தூக்கிவாரிப் போடும். உள்ளறையைச் சாத்திவிட்டு, தாள் இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போய்த் திறப்பேன்.